கைக்கு அடங்கும் புகை இயந்திரம்: எவ்வளவு குறைவாக ஊத முடிகிறது?

புகை இயந்திரம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, அது எவ்வளவு புகை தரும் என்பதுதான். நானும் அப்படிக் கேட்டுத்தான் முதல் இரண்டு இயந்திரங்களை வாங்கினேன். இரண்டும் மேடை நிகழ்ச்சிகளுக்கு உகந்த பெரிய இயந்திரங்கள். பொத்தானை அழுத்தினால் அறையே மறைந்துபோகும், பிறகு எதிரில் நிற்பவரின் முகம் தெரிவதற்குக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு படப்பிடிப்பு நாளில் அப்படிக் காத்திருந்த கால்மணி நேரங்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான், எவ்வளவு குறைவாக ஊத முடிகிறது, எவ்வளவு விரைவில் நிறுத்த முடிகிறது என்ற இரண்டையும் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு வாங்கிய மூன்றாவது இயந்திரத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. ஓராண்டாக அதைப் பொருள் விளம்பரங்கள், உருவப் படங்கள், சில குறும்படங்கள் ஆகியவற்றில் பயன்படுத்தி வருகிறேன். தயாரிப்பாளரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இதே உடலும் இதே உள்ளுறுப்புகளும் பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன என்பதால், இங்கே சொல்லும் குறைநிறைகள் இந்த வகை இயந்திரங்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

தோற்றத்தில் இது ஒரு தடித்த டார்ச் விளக்கைப் போன்றது. கைப்பிடிக்குள் இரண்டு லித்தியம் மின்கலங்கள், அவற்றுக்கு மேலே திரவம் ஊற்றும் சிறு தொட்டி, அதற்கும் மேலே சூடேற்றும் சுருள், அதன் பின்னால் காற்றைத் தள்ளும் ஒரு சிறு விசிறி, முனையில் புகை வெளிவரும் வாய். பெரிய மேடை இயந்திரங்களில் ஒரு பம்பு திரவத்தைக் கொதிக்கும் குழாய்க்குள் தள்ளும். அந்தக் குழாய் சூடேறுவதற்கே சில நிமிடங்கள் ஆகும். இதில் பம்பு கிடையாது. சுருளைச் சுற்றியுள்ள பஞ்சு திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது, மின்சாரம் பாய்ந்ததும் அந்தத் திரவம் ஆவியாகிறது, விசிறி அந்த ஆவியை வெளியே தள்ளுகிறது, வெளிக்காற்றின் குளிர்ச்சி பட்டதும் அது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு நுண்ணிய திவலைகளாகக் குவிகிறது. பொத்தானை அழுத்தி ஓரிரு நொடிகளில் புகை வந்துவிடும் என்பது இந்த அமைப்பின் பெரிய வசதி. எதுவும் எரிவதில்லை என்பதால், நாம் புகை என்று சொன்னாலும் இது உண்மையில் ஒரு வகை மூடுபனிதான். இவ்வகைத் திரவங்களுக்குத் திரைத்துறையில் ஒரு மதிப்பான வரலாறு உண்டு. புகையும் மூடுபனியும் உருவாக்குவதற்கான மேம்பட்ட, நச்சுத்தன்மையற்ற திரவத்தை உருவாக்கியதற்காக ராஸ்கோ நிறுவனத்துக்கு 1984-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

புகைமூட்டம் என்று பேச்சில் இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். படப்பிடிப்புத் தளத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் வேலை கெடும். புகை என்பது உருவம் உடையது. சுருளாக, இழையாக, மேகமாக அது சட்டகத்துக்குள் ஒரு பாத்திரத்தைப் போல நடமாடும். மூட்டம் உருவமற்றது, அறை முழுவதும் ஒரே சீராகப் பரவி, ஒளிக்கற்றையைக் கண்ணுக்குக் காட்டிவிட்டுத் தான் மறைந்து நிற்கும். முதலாவதற்கு ஃபாக் மெஷின், இரண்டாவதற்கு ஹேஸர் என்று கருவிகளும் தனித்தனியே உண்டு. இந்தக் கையடக்க இயந்திரம் முதல் வகையைச் சேர்ந்தது. விற்பனை விளம்பரத்தில் இரண்டையும் செய்யும் என்று எழுதியிருந்தார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். சுருளின் சூட்டுக்கு ஒரு திருகு சக்கரம், விசிறியின் வேகத்துக்கு வேறொரு சக்கரம் என இரண்டு கட்டுப்பாடுகளைத் தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் இரண்டும் ஒரே பொத்தானில் பிணைந்திருக்கும். புகையைக் குறைத்தால் அதன் வேகமும் சேர்ந்து குறையும், கூட்டினால் பீறிட்டு வரும். இரண்டும் பிரிந்திருப்பதால் என்ன பயன் என்பதை ஒரு தேநீர்க் கோப்பையைப் படமெடுத்த அன்று முழுமையாகப் புரிந்துகொண்டேன். உண்மையான சூடான பானத்திலிருந்து எழும் ஆவி, விளக்கின் ஒளியில் மெலிந்து தெரியும், அரை நிமிடத்தில் சோர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் வேறு திசையில் சாயும். அதனால் கோப்பைக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி, இயந்திரத்துடன் வந்த ரப்பர்க் குழாயின் நுனியை ஒட்டி வைத்து, சூட்டைப் பத்தில் இரண்டாவது நிலையிலும் விசிறியை அதன் மிகக் குறைந்த வேகத்திலும் நிறுத்தினேன். கோப்பையின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஓர் இழை நிதானமாக எழுந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து, மெல்லக் கலைந்தது. விசிறியை ஓர் இம்மி கூட்டியபோது அந்த இழை நேர்க்கோடாக மாறி, கோப்பையில் இருப்பது தேநீர் என்ற நம்பிக்கையைக் கெடுத்தது. குறைத்தபோது மீண்டும் தளர்ந்தது. பதினெட்டு முறை எடுத்தோம். பதினெட்டிலும் இழை ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் பிரிந்தது. பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையை நான் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அந்தக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவி குழாய்க்குள்ளேயே ஓரளவு குளிர்ந்து திரவமாகிவிடுவதால், பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை நுனியிலிருந்து ஒரு சொட்டு விழும். வெள்ளை மேசை விரிப்பில் அந்தச் சொட்டு விழுந்த பிறகுதான் இதைக் கண்டுகொண்டேன். குழாயின் நடுப்பகுதி நுனியைவிடத் தாழ்ந்து தொங்கும்படி வளைத்து வைத்தால் திரவம் அந்த வளைவிலேயே தங்கிவிடும். அவ்வப்போது கழற்றி உதறினால் போதும்.

இனி நிறுத்துவதைப் பற்றிப் பார்ப்போம். பொத்தானை விட்டதும் புகை நின்றுவிடும் என்று விளக்கக் குறிப்பேடு சொல்கிறது, நிற்பதில்லை. சுருளில் எஞ்சியிருக்கும் சூடு பஞ்சில் எஞ்சியிருக்கும் திரவத்தை மேலும் இரண்டு மூன்று நொடிகளுக்கு ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. விசிறியோ பொத்தானோடு சேர்ந்து அந்தக் கணமே நின்றுவிடுகிறது. இதனால் அந்தக் கடைசி ஆவிக்குத் தள்ளுவிசை இல்லாமல், இயந்திரத்தின் வாயிலேயே தேங்கி, பிறகு சோம்பலாக வழிந்து கீழிறங்குகிறது. சட்டகத்துக்கு வெளியே இருக்கும்போது இது ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வரும் கணத்தில் புகை அற்றுப்போக வேண்டும் என்பது போன்ற காட்சிகளில், அந்த மூன்று நொடிகள் முழு ஷாட்டையும் பாழாக்கிவிடும். சூடு அணைந்த பிறகும் விசிறி சற்று நேரம் ஓடும்படி அமைத்திருந்தால் இந்தக் குறையே இருந்திருக்காது. ஒரு சிறிய மென்பொருள் மாற்றத்தில் முடிகிற காரியம் இது. நான் கண்ட மாற்றுவழி எளிமையானது: ஷாட்டுக்குத் தேவையான நேரத்துக்கு மூன்று நொடிகள் முன்பே பொத்தானை விட்டுவிட்டு, உதவியாளர் ஈரத்துணியால் வாயை மூடிக்கொள்கிறார். துணியை வாயில் அழுத்தி வைக்காமல் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் வாயின் உலோக விளிம்பு தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும்.

கம்பியில்லா ரிமோட்டும் இதே தாமதத்தில் தன் பங்கைச் சேர்க்கிறது. அதைக் குழு உருவப்படங்களில் மட்டும் பயன்படுத்துகிறேன்.

மூட்டம் உண்டாக்கும் வேலையில் இந்த இயந்திரம் எப்படி என்பதை, ஒரு நீண்ட உருவப்படப் படப்பிடிப்பில் மூன்று மணி நேரம் சோதித்தேன். ஜன்னல் வழியே வரும் ஒளியைப் போல ஒரு வலுவான விளக்கைப் பின்பக்கத்திலிருந்து கொடுத்திருந்தோம். புகையின் திவலைகள் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவில் இருப்பதால், அவை தம்மீது படும் ஒளியின் பெரும்பகுதியை அது சென்றுகொண்டிருந்த திசையிலேயே சிதறவிடுகின்றன. அதனால்தான் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வரும் ஒளியில் புகை பளிச்சென்று தெரிகிறது, கேமராவின் பக்கத்திலிருந்து செல்லும் ஒளியில் வெளிறிய திரையாக மட்டும் நிற்கிறது. இதை அறியாதவர்கள் புகை தெரியவில்லை என்று மேலும் மேலும் ஊதுவார்கள். உண்மையில் விளக்கின் இடத்தை மாற்றினால் பாதிப் புகையிலேயே வேலை முடிந்துவிடும். இந்த இயந்திரத்தைப் போன்ற சிறிய ஒன்றுக்கு அந்த அறிவு இரட்டிப்புப் பயன் தரும், ஏனென்றால் இதனிடம் வீணடிப்பதற்கு அதிகப் புகை இல்லை.

அறையின் நான்கு மூலைகளிலும் விளக்குகளுக்குப் பின்னால் பத்துப் பத்து நொடிகள் ஊதி, ஒரு தெர்மோகோல் பலகையால் விசிறி, இரண்டு நிமிடங்கள் காத்திருந்தால் ஓரளவு சீரான மூட்டம் கிடைத்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. இயந்திரத்துடன் கொடுத்த திரவத்தின் திவலைகள் விரைவில் ஆவியாகி மறைந்துவிடுவதால், ஆறேழு நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஊத வேண்டியிருந்தது. உண்மையான ஹேஸரில் ஒரு மணி நேரத்துக்கு ஒரே அடர்த்தியைப் பிடித்து வைக்கலாம். குளிர்சாதனக் கருவியை நிறுத்திவிட்டுக் கதவிடுக்குகளை அடைத்த பிறகுதான் இங்கு பத்து நிமிடங்களை எட்டினோம்.

அடர்த்தி மாறுவதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது இயலாத காரியம், ஏனென்றால் அறைக்குள்ளேயே இருப்பவரின் கண் அந்த மாற்றத்துக்குப் பழகிப்போகிறது. படத்தொகுப்பில்தான் உண்மை தெரியவரும்: ஒரு ஷாட்டில் பின்சுவர் பால்போல் வெளுத்திருக்கும், அதே உரையாடலின் அடுத்த ஷாட்டில் அதே சுவர் கருத்திருக்கும். நான் கையாளும் முறை இது. கேமராவிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் ஒரு கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு அதைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்து, படத்தின் ஒளியளவைக் கோடுகளாகக் காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டரில் அந்தத் துணியின் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். மூட்டம் கூடக் கூடக் கறுப்பு மேலெழும். முதல் டேக்கில் அந்தக் கோடு பன்னிரண்டில் நின்றிருந்தால், எல்லா டேக்கிலும் அது பன்னிரண்டுக்கு வரும்வரை ஊதுவோம், அல்லது காத்திருப்போம். இந்த இயந்திரம் அரை நொடி அளவுக்குக்கூடச் சிறு சிறு ஊதல்களாகக் கொடுக்கக்கூடியது என்பதால், அந்தக் கோட்டை ஒவ்வொரு புள்ளியாக உயர்த்த முடிந்தது. ஹேஸரைவிட உழைப்பு அதிகம், ஆனால் பிடி தளரவில்லை. விளம்பரத்தில் சொன்ன மீதிப் பாதி இப்படித்தான் உண்மையானது. அதற்கு ஓர் உதவியாளர் மூன்று மணி நேரமும் வேறு வேலை எதையும் தொட முடியவில்லை.

இந்த இயந்திரத்தில் எனக்கு உண்மையான மனக்குறை திரவத்தைப் பற்றியதுதான். பெட்டியில் வந்த சிறு புட்டியில் நச்சற்றது என்ற ஒற்றைச் சொல்லும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்ற எச்சரிக்கையும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதவில்லை. உட்பொருள்களையும் அவற்றின் அபாயங்களையும் விவரிக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு விற்பனையாளருக்கு மூன்று முறை எழுதினேன். பதிலாகத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. நம் மூச்சுக்குள் போகும் ஒரு பொருளைப் பற்றி இப்படி மௌனம் காப்பதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. இவ்வகைத் திரவங்களில் வழக்கமாக இருப்பது கிளைக்காலோ கிளிசரினோதான். ஆனால் கிளைக்கால் என்ற பெயரில் பல பொருள்கள் உண்டு. புரொப்பிலீன் கிளைக்காலும் டிரைஎத்திலீன் கிளைக்காலும் புகைத் திரவங்களில் வழக்கமாகப் பயன்படுபவை; எத்திலீன் கிளைக்காலும் டைஎத்திலீன் கிளைக்காலும் நச்சுப் பொருள்கள். ஹாலிவுட்டின் தொழிலாளர்–நிர்வாகக் கூட்டுப் பாதுகாப்புக் குழு வெளியிட்டுள்ள பத்தாவது பாதுகாப்பு அறிக்கை, பின்னிரண்டையும் படப்பிடிப்பில் பயன்படுத்தவே கூடாதவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. புட்டியின் மேல் ஒரு வரி எழுதியிருந்தால் இந்த ஐயத்துக்கு இடமே இல்லை. இப்போது நான் அந்தப் புட்டியைத் தொடாமல், உட்பொருள் விவரமும் தரவுத் தாளும் உள்ள வேறொரு நிறுவனத்தின் திரவத்தையே ஊற்றுகிறேன். குறிப்பேடு எங்கள் திரவத்தையே பயன்படுத்தவும் என்கிறது; எந்த இயந்திரத்திலும் வேறு திரவத்தை ஊற்றுவது பொதுவாகத் தவறு என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு திரவத்துக்கும் அதற்கேற்ற சூட்டு அளவு உண்டு. தெரியாத திரவமா, பொருந்தாத திரவமா என்ற இக்கட்டில் பயனரை நிறுத்துவது தயாரிப்பாளரின் பிழை.

நச்சற்றது என்பதற்கும் எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சில் இழுக்கலாம் என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அமெரிக்க மேடை நடிகர்களின் தொழிற்சங்கமும் நாடகத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து கேட்டுக்கொண்டதன் பேரில் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 2000-இல் வெளியான ஆய்வு, நடிகர்கள் மூச்சிழுக்கும் காற்றில் எந்தக் கணத்திலும் கிளைக்கால் ஒரு கனமீட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. கிளிசரினுக்கு அந்த உச்சவரம்பு 50 மில்லிகிராம். சில ஹேஸர்களில் பயன்படும் கனிம எண்ணெய்க்கு 25, அதுவும் எட்டு மணி நேரச் சராசரி 5-ஐத் தாண்டக் கூடாது. 2005-இல் வெளியான பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு, 19 தளங்களில் பணியாற்றிய 101 பேரைச் சோதித்து, கிளைக்கால் புகையில் வேலை செய்தவர்களுக்கு இருமலும் தொண்டை வறட்சியும் ஏற்படுவதையும், இயந்திரத்துக்கு மிக அருகில் வேலை செய்தவர்களின் நுரையீரல் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருப்பதையும் கண்டது. இந்தக் கடைசிச் செய்தி கையடக்க இயந்திரங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பெரிய இயந்திரத்தை மூலையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கலாம். இதை முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். புகை அளவு குறைவு என்பதால் அபாயமும் குறைவு என்று நடிகரைப் பொறுத்தவரை சொல்லலாம், இயந்திரத்தைப் பிடித்திருக்கும் உதவியாளருக்கு அது பொருந்தாது. எங்கள் குழுவில் இப்போது அவர் முகக்கவசம் அணிகிறார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறோம். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று முந்தைய நாளே கேட்டுவிடுகிறோம்.

இதே இடத்தில் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். தொட்டியில் திரவம் கால்பங்குக்குக் கீழே இறங்கிய நிலையில் இயந்திரத்தைச் சாய்த்துப் பிடித்தால், பஞ்சுக்குத் திரவம் எட்டுவதில்லை. சுருள் அதை அறியாமல் சூடாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு மாலை வேளையில் தரையோடு தரையாக ஊதுவதற்காகத் தலைகீழாகப் பிடித்திருந்தபோது, வழக்கமான இலேசான இனிப்பு வாசனை மாறித் தொண்டையைக் கமறவைக்கும் கருகிய நெடி எழுந்தது. திறந்து பார்த்தபோது பஞ்சின் நடுப்பகுதி கறுத்துப்போயிருந்தது. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் சிதைந்து அக்ரோலீன் என்ற கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் பொருள் உண்டாகும், கிளைக்கால்களும் அதுபோலவே வேண்டாத பொருள்களாகச் சிதையும். தரமான மேடை இயந்திரங்களில் சூட்டை வரம்புக்குள் நிறுத்தும் கருவி இருக்கும். இதில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறதே தவிர, சூடு எவ்வளவு என்பதை அளக்கும் உறுப்பு இல்லை. தொட்டியின் பக்கவாட்டில் அளவு பார்ப்பதற்கான கண்ணாடித் துளைகூட உள்ளங்கையால் மறைபடும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் பாதித் தொட்டி தீர்ந்ததும் நிரப்பிவிடுவது என்ற விதியை நாங்களே வகுத்துக்கொண்டோம்.

புகை உணர்வான்களைப் பற்றி விற்பனை விளம்பரத்தில் ஓர் ஆபத்தான வரி இருந்தது: குறைந்த அளவில் பயன்படுத்தினால் எச்சரிக்கை மணி ஒலிக்காது. இதை நம்பக் கூடாது. கட்டடங்களில் பெருமளவில் பொருத்தப்பட்டிருக்கும் ஒளியியல் உணர்வான், தன் அறைக்குள் நுழையும் துகள்கள் ஒளியைச் சிதறவிடுகின்றனவா என்பதை மட்டுமே பார்க்கிறது. அந்தத் துகள் எரிந்த கரியா, கிளைக்கால் திவலையா என்று அதற்குத் தெரியாது. கேமராவுக்கு அழகாகத் தெரிவதற்குக் காரணமான அதே சிதறல்தான் மணியையும் அடிக்கவைக்கிறது. வாடகை ஸ்டூடியோ ஒன்றில், சூட்டை மூன்றாவது நிலைக்கு மேல் கூட்டாமலேயே, நாற்பதாவது நிமிடத்தில் கட்டடம் முழுவதும் மணி அடித்து, மேல்மாடியில் இருந்தவர்கள் படிக்கட்டில் இறங்கிவந்தார்கள். ஸ்டூடியோவின் பொறுப்பாளர் உணர்வான்களை முடக்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார். அவர் முடக்கியது அந்த அறையில் இருந்தவற்றை மட்டும், நடைபாதையில் இருந்தவற்றை மறந்துவிட்டார். அன்றிலிருந்து எந்தெந்த உணர்வான்கள் எந்த நேரம்வரை முடக்கப்படுகின்றன, அந்த நேரம் முழுவதும் தீக்கண்காணிப்புக்கு யார் நிற்கிறார், முடிந்ததும் அவற்றை மீண்டும் இயக்குவது யார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பெட்டியைத் திறப்பதில்லை. உணர்வானின் மேல் நாமே உறையைக் கட்டிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. உண்மையான தீ வந்தால் அந்த உறைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

இதே வேலைக்குப் பலர் நாடும் மற்ற வழிகளோடு ஒப்பிட்டால், மேலே சொன்ன குறைகளையும் மீறி இந்த இயந்திரத்தின் மதிப்பு கூடுகிறது. வண்ணப் புகைக்குப்பிகள் அழகான நிறம் தருகின்றன. ஆனால் அவை வெடிமருந்துக் கலவையை எரித்து இயங்குபவை. பற்றவைத்த பிறகு நிறுத்த வழியே கிடையாது, உறை சூடாகும், சாயம் உடையிலும் சுவரிலும் ஏறும், காய்ந்த புல்லின் மேல் விழுந்தால் தீப்பற்றும். 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் பிறக்கவிருக்கும் குழந்தையின் பாலினத்தை அறிவிக்கும் ஒரு கொண்டாட்டத்துக்காக ஏற்றிய புகை உமிழும் வெடிபொருள், எல் டொராடோ காட்டுத்தீ எனப் பெயர்பெற்ற பெருந்தீயாக மாறி, 22,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கட்டுப்படுத்த முடியாத புகைக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உலர்பனி வேறு வகை ஆபத்து. தரையோடு தவழும் வெண்புகைக்கு இன்றும் அதற்கு இணை இல்லை என்றே சொல்வேன், ஆனால் -78.5 பாகை செல்சியஸில் அது நேரடியாகக் கரியமில வாயுவாக மாறுகிறது. ஒரு கிலோ உலர்பனி ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயு தரும். காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு தாழ்வான இடங்களில் தேங்கும். தரையில் படுத்து நடிப்பவர் இருக்கும் காட்சிக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. கையடக்க இயந்திரத்துடன் கொடுக்கப்படும் பனிக்கட்டிக் கிண்ணம் அந்தத் தவழும் புகையைக் குளிரவைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு மேசையின் பரப்பளவுக்கு அது பலிக்கிறது, அறையின் தரைக்குப் பலிக்காது.

பராமரிப்பில் எதிர்பாராத தொல்லை எதுவும் இல்லை. இரண்டு மின்கலங்களும் இடைவிட்டு ஊதினால் ஒன்றரை மணி நேரம் தாங்குகின்றன. குளிர்ந்த வெளிப்புறத்தில் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தது. சுருளும் பஞ்சும் தேயும் பொருள்கள் என்பதை விளம்பரத்தில் சொல்லவில்லை. எனக்கு இதுவரை ஐந்து சுருள்கள் செலவாகியுள்ளன, அவற்றில் ஒன்று மேலே சொன்ன கருகலில் போனது. வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிட்டு வைப்பது நல்லது, இல்லையென்றால் பெட்டிக்குள் கசிந்து நுரைப்பஞ்சை ஒட்டச்செய்துவிடும். விமானப் பயணத்தில் உதிரி லித்தியம் மின்கலங்களைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைப் புகை இயந்திரம் வாங்கும் ஒளிப்பதிவாளருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லென்ஸைப் பற்றி மட்டும் ஒன்று: இந்தத் திவலைகள் கண்ணாடியின் மேல் படிந்து, நாளின் முடிவில் மெல்லிய வழவழப்பான படலமாகிவிடும். முன்னால் ஒரு தெளிவான ஃபில்டரை மாட்டிவைத்து, மதிய இடைவேளையில் அதைத் துடைத்துவிடுகிறேன். புகைப்படம் எடுப்பவர்கள் தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுவது நல்லது. அடர்ந்த புகையில் அது எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அலையும்.

பொருள் விளம்பரங்களும் நெருக்கமான உருவப்படங்களும் எடுப்பவர்களுக்கு, குறிப்பாகத் தனியாகவோ இரண்டு பேராகவோ வேலை செய்பவர்களுக்கு, இந்த இயந்திரத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். திரவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். நீண்ட உரையாடல் காட்சிகளில் சீரான மூட்டம் வேண்டுபவர்கள் ஒரு நல்ல ஹேஸரை வாடகைக்கு எடுப்பதே முறை. பெரிய வெளிப்புறக் காட்சிகளுக்கு இது அறவே உதவாது, ஒரு காற்று வீசினால் பத்து நொடி ஊதியது ஒரு நொடியில் காணாமல் போகும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். குறைத்த ஒன்றரையில் ஒன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மறுத்த அந்தப் புட்டிக்கு. அரை, சூட்டை அளக்காத அந்தச் சுருளுக்கு. விசிறி கூடுதலாக மூன்று நொடிகள் ஓடாததற்கு எதையும் குறைக்கவில்லை, உதவியாளரின் ஈரத்துணி அதைச் சமாளித்துவிடுகிறது.